இன்னைக்கு நாங்கதான் கஸ்டமர்

யாருக்கும் அம்மாவா இருந்ததில்லை நான், இன்னைக்குக் காலைல பரந்தாமன் சார் ஒரே பேச்சுல என்னை அம்மா ஆக்கிட்டார். செல்லக்கனி, நீ பொண்ணோட அம்மா, வேட்டி செக்‌ஷன் தங்கமாரி அப்பா, குழந்தைகள் துணி யுவஸ்ரீ கல்யாணப் பொண்ணு, மூணு பேரும் ரெண்டாவது மாடிக்குப் போய் ஈஸ்வரமூர்த்தி கவுண்டர்ல உட்காருங்க, முகூர்த்தப் பட்டு எடுக்க வந்திருக்கீங்க, ரொம்ப நடிக்க வேண்டாம், சும்மா கஸ்டமர் மாதிரி இருந்தாப் போதும்னு சொல்லிட்டு அடுத்த குடும்பத்தைச் சேர்க்கப் போயிட்டார். மேனேஜர் வேலைன்னா இப்ப இதுதான் போல, குடும்பம் சேர்த்து வைக்கிறது. யூனிஃபார்ம் வேண்டாம், ஆளுக்கு ஒரு நல்ல உடுப்பா உடுத்திட்டு வாங்கன்னு நேத்தே வாட்ஸ்அப்ல வந்துடுச்சு. பெங்களூர்ல இருந்து ஒரு கம்பெனிக்காரம்மா கடையைப் பார்க்க வருது, பிடிச்சா கடையை எடுத்துக்குவாங்க, நம்மளையும் சேர்த்து எடுத்துக்கச் சொல்லிப் பேசியிருக்கேன், பிடிக்கலைன்னா ஆடித் தள்ளுபடியோட ஷட்டரை இறக்க வேண்டியதுதான்னு முதலாளியே மீட்டிங்ல சொன்னார். காலிக் கடையை யாருக்குப் பிடிக்கும். அதான் நாங்களே கூட்டம். கஸ்டமர் மாதிரி இருன்னா எப்படி இருக்கிறது, இத்தனை வருஷமா கஸ்டமரை நின்னுக்கிட்டே பார்த்திருக்கேன், கஸ்டமரா உட்கார்ந்து பார்த்ததில்லையே. உட்கார்ந்தா இந்த ஸ்டூல் ஒரு பக்கமா ஆடுது. இதுலயா ஜனங்க காலைல வந்து மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க, ஒருத்தர் கூட வாயைத் திறந்து சொல்லலையே, இல்ல சொல்லித்தான் நாங்க காதுல வாங்கலையா. இந்தப் பக்கத்துல இருந்து பார்த்தா கவுண்டரோட முன்பலகை முழுக்க முட்டி இடிச்சு இடிச்சு பாலிஷ் போயிருக்கு. உள்ள மேடை இருக்கிறதால ஈஸ்வரமூர்த்தி அண்ணன் இங்கிருந்து ஏகத்துக்கு உசரமாத் தெரியுறார். அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கு, கழுத்து வலிக்குது.

பதினோரு மணிக்கு வர்றதா சொன்னாங்க. இன்னும் வரலை. எஸ்கலேட்டர் மட்டும் ஓடுது, யாருமில்லாம படி படியா மேல வந்து மேல வந்து உள்ள போயிடுது, அதைப் பார்க்காதன்னு மனசுக்குச் சொல்றேன், கண்ணு அங்கயே போய் நிக்குது. கரண்டு பில்லுக்குப் பயந்து ஆறு மாசமா நிறுத்தி வெச்சிருந்ததை இன்னைக்கு ஓட விட்டிருக்காங்க. மூணாவது மாடியும் நாலாவது மாடியும் பூட்டிக் கிடக்கு, ஏறுற வழியில ரெண்டு பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்தியாச்சு, பார்க்கிறவங்களுக்கு அலங்காரம்னு தோணும். யுவஸ்ரீ கால் ஆட்டிக்கிட்டே இருக்கா. ஆட்டாதடின்னு சொன்னேன், நீங்களும்தான் ஆட்டுறீங்க அம்மான்னா. அம்மாவாம். அவ சிரிக்கிறா, அவளுக்கு என்ன, இந்தக் கடை போனா பக்கத்துல செல்போன் கடை, அது போனா ஆஸ்பத்திரி ரிசப்ஷன், வயசு இருக்கு. தங்கமாரி அண்ணனுக்கு வீடு இருக்கு, உறையூர்ல, சின்னதோ பெருசோ சொந்த வீடு, பெண்டாட்டி டெய்லரிங் பண்ணுது. எனக்கு இருக்கிறது ஒரு கட்டில். பின்தெருவுல கடையோட ஹாஸ்டல், ரெண்டாவது ரூம், ஜன்னலோரக் கட்டில், அந்த ஜன்னல்ல நின்னா மலைக்கோட்டை உச்சி கொஞ்சம் தெரியும், அதைத்தான் நான் என் வீடுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிறது. கடை போனா ஹாஸ்டலும் போகும். அப்புறம் எங்க போறது. சங்கரன்கோவில்ல அண்ணன் இருக்கான், ஏன் இல்லை, போன பொங்கலுக்குப் போனப்ப மதினி எப்ப கிளம்புறேன்னு கேட்கலை, பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டா. அந்த வீட்டு முன்கட்டுல அரிசி மூட்டைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவுல பாய் போட்டுக் கொடுத்தாங்க. ஒரு ராத்திரின்னா படுத்துக்கலாம். மிச்ச ஆயுசுக்கு அங்கயா படுக்க முடியும். காலைல டிபன் இறங்கலை, இட்லி அப்படியே தட்டுலயே இருந்துச்சு. அந்தம்மா வரட்டும், வந்து தொலையட்டும், வந்து பார்த்துட்டு ஏதாவது ஒண்ணு சொல்லிட்டுப் போகட்டும். இல்ல, ஏதாவது ஒண்ணு இல்லை, எடுத்துக்கிறேன்னு சொல்லணும்.

இப்படி ஆகும்னு யார் கண்டா. ஒரு நாள் காலைல எழுந்து பார்க்கிறப்ப கூட்டம் காணாமப் போயிடலை. கொஞ்சம் கொஞ்சமாத்தான். முதல்ல கல்யாணக் கூட்டம் சின்னதாச்சு. முன்னெல்லாம் ஒரு முகூர்த்தப் பட்டுக்கு வேன்ல வருவாங்க, மாமா, சித்தப்பா, சித்தப்பாவோட சகலைன்னு, பாதிப் பேர் காப்பிக்கு வந்தவங்கதான், ஆனாலும் அவங்க கத்துன கத்துல கடை நிறைஞ்சிருக்கும். அப்புறம் ரெண்டு பேர் வந்தாங்க, மத்தவங்க ஃபோனுக்குள்ள இருந்தாங்க, அமெரிக்காவுல இருந்து ஒரு அத்தை பார்டரை இன்னும் கிட்டக் காட்டுங்கன்னு சொல்லும், காட்டுவோம். அப்புறம் சேலையை விரிச்சதும் போட்டோ எடுத்துட்டு யோசிச்சுச் சொல்றோம்னு போனாங்க. யோசிச்சவங்க ஒருத்தரும் திரும்பி வரலை. எவளோ ஒருத்தி வீட்டு ஹால்ல உட்கார்ந்து லைவ்ல சேலை விக்கிறாளாம், குழந்தை அழுகுது, குக்கர் விசில் அடிக்குது, அந்தச் சத்தத்துக்கு நடுவுல ஜனங்க நான் நீன்னு வாங்குறாங்களாம். முதலாளி அதைக் கேட்டுட்டு நம்மளும் லைவ் போடுவோம்னு லைட்டெல்லாம் வாங்கி, ஈஸ்வரமூர்த்தி அண்ணனை நிக்க வெச்சு, அவர் கேமராவைப் பார்த்து வணக்கம்னு ஆரம்பிச்சு வேர்த்து ஊத்தி, பார்த்துக்கிட்டிருந்தவங்க எல்லாம் நம்ம ஸ்டாஃப்தான். ஊரைச் சொல்லி என்ன, எங்க ஹாஸ்டலையே எடுத்துக்கோ. சாயங்காலம் ஆனா வாசல்ல பார்சல்காரர் நிப்பார், ரூம் ரூமா பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஜவுளிக்கடையில வேலை பார்க்கிற பிள்ளைங்க, ஸ்டாஃப் டிஸ்கவுண்ட் வேற, அதை விட்டுட்டு ஃபோன்ல சுடிதார் வாங்குதுங்க. ஏண்டின்னு யுவஸ்ரீகிட்ட ஒரு நாள் கேட்டேன். பிடிக்கலைன்னா திருப்பி அனுப்பிடலாம் அக்கா, யாரும் மூஞ்சியைத் தூக்க மாட்டாங்கன்னா. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. மூஞ்சியைத் தூக்குனது நாங்கதானே. முப்பது சேலையைப் பிரிச்சுப் பார்த்துட்டு வெறுங்கையோட எழுந்திரிச்சவளை இந்தக் கடையில யார் சிரிச்ச முகமா அனுப்புனது. இப்ப யாராவது வந்து முன்னூறு சேலையைப் பிரிச்சாலும் கையெடுத்துக் கும்பிடுவோம், இப்ப யார் வர்றா.

சும்மா உட்கார்ந்திருந்தா சந்தேகம் வரும், ஏதாவது விரிச்சுப் போடுங்கன்னு பரந்தாமன் சார் ஓடி வந்து சொல்லிட்டு ஓடுனார். ஈஸ்வரமூர்த்தி அண்ணன் தொண்டையைச் செருமுனார். இந்த ஆளை எனக்குப் பிடிக்காது, அதைச் சொல்லிடுறேன். நல்ல மனுஷன்தான், கெட்ட பழக்கம் கிடையாது, ஆனா ஆபீஸர் மாதிரி ஒரு கெத்து, சீனியர் சேல்ஸ்னு சட்டையில பேட்ஜ், எங்களை மாதிரி உதவிக்கு நிக்கிற பொம்பளைங்களை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார், கையை மட்டும் பின்னால நீட்டுவார், அதுல நாம சேலையை வைக்கணும். அந்த ஆள் இப்ப என்னைப் பார்த்துக் குனிஞ்சு, வாங்கம்மா, பொண்ணுக்கா, எப்பம்மா முகூர்த்தம்னு கேட்கிறார். நான் திருதிருன்னு முழிக்கிறேன். ஆவணியிலன்னு தங்கமாரி அண்ணன் எடுத்துக் கொடுத்தார். ஆவணின்னா மழை மந்தாரமா இருக்கும், மண்டபத்துல லைட்டு வெளிச்சம்தான், அதுக்கு ஏத்த கலர் காட்டுறேன்னு சொல்லி ஒரு சேலையை எடுத்து உதறுனார் பாரு. வெங்காயத் தோல் நிறம். அரக்குல பார்டர், ஜரிகை இருக்கிறதே தெரியாம அடக்கமா. கவுண்டர் நீளத்துக்கு வந்து என் முட்டிகிட்ட விழுந்துச்சு. இந்தச் சேலையை நான் பார்க்காததா, தூசி தட்டி அடுக்குனதே நான்தான். ஆனா இந்தப் பக்கத்துல இருந்து, உட்கார்ந்த இடத்துல இருந்து பார்க்கிறப்ப அது வேற சேலையா இருந்துச்சு. இத பொண்ணுக்குன்னு எடுக்காதீங்கம்மா, பொண்ணுக்கு நான் மாம்பழக் கலர் தர்றேன், இது உங்களுக்கு, பொண்ணோட அம்மாவை ஒருத்தரும் கவனிக்க மாட்டாங்க, எல்லாருக்கும் எடுத்துட்டு கடைசியில ஏதோ ஒண்ணுன்னு எடுப்பீங்க, இந்த ஒரு தடவை முதல்ல உங்களுக்கு எடுங்கன்னார். நடிப்புன்னு தெரியும். தெரிஞ்சும் அந்த முந்தியை எடுத்து மடியில வெச்சுக்கிட்டேன். எனக்கு எங்க பொண்ணு, எனக்கு எங்க ஆவணி. கல்யாணத்துக்குப் பார்த்துக்கிட்டிருந்த வயசுல ரெண்டு வருஷம்னு சொல்லி வந்தவ, அண்ணன் கடனுக்குன்னு சம்பளம் போச்சு, அப்புறம் பார்க்கிறவங்க பார்க்கிறதை விட்டுட்டாங்க, நானும் விட்டுட்டேன். இந்த ஆள் இப்படித்தான் வித்திருக்கார் எல்லா வருஷமும். பொம்பளைங்க ஏன் இவர் கவுண்டர்தான் வேணும்னு காத்துக் கிடந்தாங்கன்னு இப்பத்தான் புரியுது. எனக்கு அந்தச் சேலை வேணும் போல இருந்துச்சு. நிஜமாவே வேணும் போல. கோவமா வந்துச்சு, இவர் மேல, என் மேல, இந்த ஆடுற ஸ்டூல் மேல.

அதுக்குள்ள அவர் மாம்பழக் கலர் அது இதுன்னு இன்னும் நாலு சேலையை விரிச்சுப் போட்டுட்டார், அப்பத்தான் கூட்டமா காலடிச் சத்தம். பார்க்காதீங்க பார்க்காதீங்கன்னு தங்கமாரி அண்ணன் வாய்க்குள்ளயே சொல்றார். வெள்ளை ஷூ, வெள்ளை சுடிதார், நரைச்ச முடியை ஒட்ட வெட்டி, கையில பெரிய ஃபோன் மாதிரி ஒரு டேப் வெச்ச தம்பி கூட, முதலாளி பக்கத்துல பவ்யமா. அந்தம்மா நேரா வேற கவுண்டருக்குப் போகும்னு பார்த்தா எங்ககிட்ட வந்து நின்னுடுச்சு. பொண்ணுக்குக் கல்யாணமான்னு கேட்டுச்சு, நல்ல தமிழ்தான். ஆமா மேடம், ஆவணியிலன்னேன். எல்லாம் ஃபோன்லயே கிடைக்குதே, ஏம்மா இவ்வளவு சிரமப்பட்டு வர்றீங்கன்னு கேட்டுச்சு. முதலாளி என்னையே பார்க்கிறார், என் ஜன்னல், என் கட்டில், எல்லாம் இப்ப என் வாயிலதான் இருக்கு. ஃபோன்ல வாங்குனா யார்கூட சண்டை போடுறது மேடம்னு கேட்டேன். எங்கிருந்து வந்துச்சோ தெரியலை. மாப்பிள்ளை வீட்டுல ஒரு கலர் சொல்லுவாங்க, நாங்க ஒண்ணு சொல்லுவோம், இவ ஒண்ணு சொல்லுவா, இங்க வெச்சே கத்தி முடிச்சுட்டா மண்டபத்துல கத்த வேண்டியதில்லை பாருங்க, கடைக்காரர் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் திட்டு வாங்கிக்குவார், ஃபோன் அப்படி வாங்குமா. அந்தம்மா சிரிச்சுடுச்சு, முதலாளியும் சிரிச்சார். எனக்கு ஒரே பெருமை. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சேன், ஒரு நிமிஷம். அந்தம்மா சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு, ஆனா கண்ணு என் முகத்துல இல்லை, கீழ கவுண்டர்ல இருந்துச்சு. நல்லா மடிக்கிறீங்களேம்மான்னு சொல்லுச்சு.

குனிஞ்சு பார்த்தேன். என் முன்னால நாலு சேலை. பிரிச்சுப் போட்டது எல்லாம் மடிஞ்சு, முந்தி உள்ள போயி, விலைச் சீட்டு வெளியில தெரியுற மாதிரி, ஓரத்துக்கு ஓரம் சரியா, ஒண்ணு மேல ஒண்ணா உட்கார்ந்திருக்கு. அஞ்சாவது என் கையில பாதி மடிஞ்சு நிக்குது. எப்ப மடிச்சேன். பேசப் பேசக் கை தன்னால வேலை பார்த்திருக்கு, உள்ளங்கையை வெச்சு நீவிக்கூட விட்டிருக்கேன். கடைக்கு வந்தவ எவ சேலையை மடிச்சிருக்கா, விரிச்சதை அப்படியே போட்டுட்டு அடுத்ததைக் கேட்பா, அதுதானே கஸ்டமர். தங்கமாரி அண்ணனைப் பார்த்தா அவர் ஒரு துண்டை மடிச்சுக்கிட்டிருக்கார். அந்தப் பக்கம் சுடிதார் கவுண்டர்ல பெரியம்மா சின்னம்மா வேஷத்துல இருந்த ரெண்டு பேரும் துப்பட்டாவுக்கு ஆளுக்கொரு முனை. மாடி முழுக்க எல்லாக் கஸ்டமரும் குனிஞ்ச தலை நிமிராம மடிச்சுக்கிட்டிருக்காங்க. அந்தம்மா ஒரு சுத்து சுத்திப் பார்த்துச்சு. மேடம், அது வந்து, நம்ம ரெகுலர் கஸ்டமர்ஸ், ரொம்பப் பாசமான ஜனங்கன்னு பரந்தாமன் சார் உளற ஆரம்பிச்சார். முதலாளி தரையைப் பார்த்தார். எனக்குக் காது ரெண்டும் கொதிக்குது. போச்சு. என் கையாலயே போச்சு. அரிசி மூட்டை, மோட்டார் சைக்கிள், பஸ் எத்தனை மணிக்கு.

ஆனா அந்தம்மாவுக்குக் கோவமில்லை. இந்த ஒரு சேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்மான்னு கேட்டுச்சு. நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள மடிச்சுடுவேன் மேடம்னேன், வேற என்ன சொல்ல. அந்தத் தம்பி டேப்ல என்னமோ தட்டுனார். முதலாளி பக்கம் திரும்பி அந்தம்மா சொன்னதை என் காதாலயே கேட்டேன். நாங்க இங்க கடை நடத்த வரலை சார், இந்தக் கட்டடம் எங்களுக்குக் குடோனுக்கு வேணும், ஆன்லைன்ல வாங்குறவங்க பாதிப்பேர் திருப்பி அனுப்புறாங்க, பிரிச்சு, உடுத்திப் பார்த்து, கசக்கி அனுப்புறாங்க, அதைப் புதுசு மாதிரி மடிச்சு வைக்க ஆள் கிடைக்காமத்தான் திண்டாடிக்கிட்டிருக்கோம். அப்ப இந்தக் கூட்டத்துக்கெல்லாம் அர்த்தமே இல்லை, நாங்க குடும்பம் சேர்ந்ததுக்கு, யுவஸ்ரீ தலையில பூ வெச்சதுக்கு. கூட்டம் இருந்தாலும் இல்லாட்டியும் கடை இல்லை. எனக்கு அழுகை வரணும். வரலை. வாய்தான் முந்திக்கிச்சு, ஹாஸ்டல் இருக்குமா மேடம்னு கேட்டேன். இருக்கும்மா, ரெண்டு ஷிஃப்ட் நடக்கும், ஆள் பக்கத்துல இருந்தா எங்களுக்கும் நல்லதுதானேன்னுச்சு. அவ்வளவுதான், நெஞ்சுல இருந்த கல்லு இறங்கிடுச்சு. கடை போகுதுன்னு சொன்ன அதே வாய்தான், ஆனா எனக்குச் சந்தோஷமா இருக்கு. ஜன்னல் இருக்கு, கட்டில் இருக்கு. வெட்கமாவும் இருக்கு. ரெண்டும் சேர்ந்து வருது, நான் என்ன பண்ண.

சார் நீங்கன்னு அந்தம்மா நிமிர்ந்து கேட்டுச்சு. சீனியர் சேல்ஸ் மேடம்னு ஈஸ்வரமூர்த்தி அண்ணன் பேட்ஜைத் தொட்டுக் காட்டுனார். நீங்க மடிப்பீங்களா சார். அவர் என்னைப் பார்த்தார். எங்க கடையில வழக்கம் அப்படி, சேல்ஸ்மேன் விரிப்பார், பின்னால நிக்கிற பொம்பளைங்க மடிப்போம், விரிக்கிற கை மடிக்காது. வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து அவர் ஒரு சேலை மடிச்சு நான் பார்த்ததில்லை. மடிப்பேன் மேடம்னு சொல்லிட்டார், சொல்லிட்டு அந்த வெங்காயத் தோல் கலரையே எடுத்துப் பிரிச்சார். முந்தி எது உடம்பு எதுன்னே கைக்குத் தெரியலை. ஒரு முனை இந்தப் பக்கம் சரியுது, அதைப் பிடிச்சா அந்தப் பக்கம் சரியுது. நெத்தியில வேர்வை. என்னால பார்க்க முடியலை, எட்டி முந்தியைப் பிடிச்சுக்கிட்டேன், பட்டுன்னா ரெண்டு பேரா மடிச்சாத்தான் மேடம் மடிப்பு நிக்கும்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அண்ணன் அந்த முனையைப் பிடிச்சார், நான் இந்த முனை. அந்தம்மா அமைதியாச் சொல்லுச்சு, ஒருத்தரா மடிக்கிறதத்தான்மா நான் பார்க்கணும், விட்டுடுங்க. விடாம இருந்திருக்கலாம். இருந்தேன், கொஞ்ச நேரம். அப்புறம் என் பேர் என்னன்னு அந்தத் தம்பி கேட்டார், டேப்ல எழுத. செல்லக்கனின்னு சொன்னேன், சொல்றப்ப கை முந்தியை விட்டுடுச்சு.

சேலை அவர் கையில தொங்குது. அப்புறம் என்ன நினைச்சாரோ, ஒரே உதறல், கவுண்டர் நீளத்துக்கு அந்தம்மா பக்கம் விரிச்சு விட்டார். மேடம், உங்க நிறத்துக்கு யாராவது பளிச்சுன்னு எடுக்கச் சொல்லுவாங்க, கேட்காதீங்க, நீங்க வெள்ளையே உடுத்துறவங்க, கண்ணுக்கு உறுத்தாத ஜரிகைதான் உங்களுக்கு, இந்த பார்டரைத் தொட்டுப் பாருங்க, நீங்க மீட்டிங்ல உட்கார்ந்திருந்தா சேலை பேசாது, எழுந்து நடந்தாத்தான் பேசும். குரல் நடுங்கவே இல்லை. மாடி முழுக்க மடிக்கிறதை நிறுத்திட்டு இவரைப் பார்க்குது. அந்தம்மாவும் நின்னு முழுசாக் கேட்டுச்சு, பார்டரைக்கூட ஒரு தடவை தடவிப் பார்த்துச்சு. நல்லா பேசுறீங்க சார்னு சொல்லுச்சு. சொல்லிட்டு அந்தத் தம்பியைப் பார்த்து லேசா வேண்டாம்னு தலையை அசைச்சுட்டு அடுத்த கவுண்டருக்கு நடந்துச்சு. அண்ணன் அதைக் கவனிக்கலை, நெத்தியைத் துடைச்சுக்கிட்டிருந்தார். என்கிட்டக் குனிஞ்சு, பிடிச்சுப் போச்சு போல இருக்கேம்மா, என்னையும் எடுத்துக்குவாங்களான்னு கேட்டார். பிடிச்சுப் போச்சுண்ணே, எடுத்துக்குவாங்கன்னேன். சொல்லிட்டு அந்தச் சேலையை என் பக்கம் இழுத்து மடிச்சேன், அந்தம்மா திரும்பிப் பார்த்தாத் தெரியட்டும்னு நல்லா வேகமா மடிச்சேன்.